பத்தரை மணித்தியால வானம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஓய்வுபெற்ற பிறகு பொழுதை எப்படிக் கழிப்பது என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். வீட்டுத்தோட்டம், தையல், கோயில் தொண்டு என்று பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எங்கள் வீட்டில் நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் கணவர் மெல்பேர்னிலிருந்து கொழும்புக்கு விமானம் ஓட்டுகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். அவர் விமானி அல்ல. ஊவாத் தோட்டங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் டீமேக்கராக இருந்தவர். நான் புவியியல் ஆசிரியை. இருவரும் ஓய்வுபெற்று மகளோடு இருக்கப் போனோம். விமானம் இருப்பது சாப்பாட்டு அறையை ஒட்டிய சின்ன அறையில். ஒரு மேசை, ஒரு கணினி, கையால் பிடித்து ஓட்டும் ஒரு ஜோய்ஸ்டிக், பேரன் வாங்கிக் கொடுத்த ஹெட்போன், ஒரு சீ.ஆர். கொப்பி. அவ்வளவுதான் விமானம்.

இதை வீட்டு பிளைட் சிமியுலேட்டர் என்கிறார்கள். விளையாட்டுப் பொருள் போலத் தெரிந்தாலும் இதன் பரம்பரை பழையது. 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், ஓர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், அந்த வாத்தியத்தின் துருத்திகளை வைத்தே ஆடி அசையும் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானிகள் பெருந்தொகையானோர் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள். 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே எண்ணத்தை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2020இல் வந்த பதிப்பு செய்மதிப் படங்களை வைத்து உலகம் முழுவதையும் திரையில் விரித்துவிட்டது. நமுனுகுலை மலையும் அதில் இருக்கிறது.

ஆனால் நான் பேச வந்தது கருவியைப் பற்றி அல்ல, அதில் போகும் நேரத்தைப் பற்றி. மெல்பேர்னிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 8,300 கிலோமீற்றருக்கு மேல். உண்மையான விமானம் பத்தரை, பதினொரு மணித்தியாலம் எடுக்கிறது. வீட்டுச் சிமியுலேட்டரில் நேரத்தை வேகப்படுத்தும் வசதி உண்டு. ஒரு விசையைத் தட்டினால் விமானம் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். வேண்டுமானால் நேரே கொழும்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் உலகெங்கும் ஒரு பெரிய கூட்டம் அந்த விசையைத் தொடுவதில்லை. பத்தரை மணித்தியாலப் பயணம் என்றால் பத்தரை மணித்தியாலமும் இருந்தே போகிறார்கள். புறப்படும்போது அரை மணித்தியாலம் வேலை. இறங்கும்போது அரை மணித்தியாலம் வேலை. நடுவில் தன்னியக்கி விமானத்தை ஓட்டுகிறது. ஒன்றும் நடப்பதில்லை.

அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில் என்ன செய்கிறார்கள்? ஏன் செய்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு மெல்ல மெல்ல முக்கியமாகிவிட்டன.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் முதல் நான்கு மணித்தியாலம் அவுஸ்திரேலியக் கண்டத்தின் மேலேயே போகும். பச்சை வயல்கள் முடிந்து, உப்பு ஏரிகள் வந்து, பெரிய விக்டோரியா பாலைவனம் வந்து, பில்பராவின் சிவந்த இரும்பு மண் வரும். பிறகு கரை முடிந்துவிடும். அதன் பிறகு ஆறு மணித்தியாலம் இந்து சமுத்திரம். இடப்பக்கத்தில் தூரத்தில் கொக்கோஸ் தீவுகள், அவ்வளவுதான். இலங்கை வரும்வரை வேறு கரை இல்லை.

இந்த ஆறு மணித்தியாலத்தில் பலரும் வீட்டு வேலையைப் பார்க்கிறார்கள். சமைக்கிறார்கள், துணி மடிக்கிறார்கள், புத்தகம் வாசிக்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் அலுவலக வேலையைச் செய்கிறார்கள். சிலர் இரவில் புறப்பட்டு, விமானம் கடலைக் கடக்கும்போது தூங்கி, காலையில் எழும்பி இறக்குகிறார்கள். உண்மை விமானத்திலும் நீண்ட பயணத்துக்கு மேலதிக விமானிகள் ஏறுகிறார்கள், முறை வைத்துப் படுத்துத் தூங்குகிறார்கள். ஆகவே இதில் பிழை சொல்ல முடியாது.

என் கணவர் தூங்குவதில்லை. அவர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரைக்கு முன்னால் போய் சீ.ஆர். கொப்பியில் ஒரு வரி எழுதுவார். நேரம், இடம், மிச்ச எரிபொருள், காற்று. அவர் ஓட்டும் ஏயர்பஸ் 330 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஆறு தொன் எரிபொருள் குடிக்கும். எரிபொருள் குறையக் குறைய விமானம் இலேசாகும். இலேசான விமானத்துக்கு இன்னும் உயரமாகப் போவது சிக்கனம். ஆகவே 34,000 அடியில் தொடங்கி, சில மணித்தியாலம் கழித்து 36,000, பிறகு 38,000 என்று படிப்படியாக ஏற்றுவார். சீக்கிரம் ஏற்றினால் பாரம் தாங்காது, பிந்தினால் எரிபொருள் வீண். எதிர்காற்று கணக்கிட்டதைவிட அதிகமாக இருந்தால் இன்னொரு கணக்கு. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இரண்டே இயந்திரம் உள்ள விமானம் நடுக்கடலில் போகும்போது, அதில் ஒன்று நின்றால் எந்த ஊருக்குத் திரும்புவது என்று ஒவ்வொரு நிமிடமும் கையில் ஒரு பெயர் வைத்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியக் கரையில் லியர்மன்த், பிறகு கொக்கோஸ், பிறகு கொழும்பு. அந்தப் பெயர் மாறும் நேரத்தைச் சிவப்பு மையில் எழுதுவார்.

இணையத்தில் வட்சிம் என்று ஒரு அமைப்பு 2001 முதல் இயங்குகிறது. உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே வானத்தில் சேர்ந்து பறக்க, தொண்டர்கள் தங்கள் வீடுகளில் இருந்தபடி கட்டுப்பாட்டுக் கோபுரக்காரர்களாக வழிகாட்டுவார்கள். பணம் கட்டத் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் நிகழ்வும் நடத்துகிறார்கள். அங்கே ஒரு விதி உண்டு. இணைப்பில் இருக்கும் விமானத்தை முப்பது நிமிடத்துக்கு மேல் கவனிக்க ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். கற்பனை விமானத்துக்கு இப்படி ஒரு விதி எதற்கு என்று கேட்கலாம். அந்த விதியை வாசித்ததும் என் கணவர், "இது ஸ்டோர் விதிதானே" என்றார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மாலையில் மலையிலிருந்து கொழுந்து வந்து சேரும். அன்றிரவே அதை அரைக்க முடியாது. நீண்ட தட்டுகளில் பரப்பி, விசிறி போட்டுக் காற்றுக் கொடுத்து, பன்னிரண்டு மணித்தியாலம், பதினான்கு மணித்தியாலம், மழை நாளில் இன்னும் கூட, வாட விட வேண்டும். விசிறி தானாக ஓடும். கொழுந்து தானாக வாடும். மனிதன் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் டீமேக்கர் தூங்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு மாடியேறி, ஒரு பிடி கொழுந்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். விட்டதும் விரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பந்து போலச் சேர்ந்து நின்றால் சரி. மணம் மாறியிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் கச்சான் வீசும் காலத்தில் காற்று காய்ந்துபோயிருக்கும். அந்தக் காலத்துத் தேயிலைக்குத்தான் உலகச் சந்தையில் ஊவாவின் பெயர் நின்றது. அப்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் பிந்தினால் பகல் முழுக்கப் பெண்கள் மலையில் நின்று பறித்தது கெட்டுப்போகும். அது எத்தனை கூடை, எத்தனை பேருடைய முதுகு என்பது அவருக்குத் தெரியும். ஆகவே விழித்திருந்தார். முப்பது வருடம் அப்படி.

மெல்பேர்னுக்குப் போன முதல் குளிர்காலத்தில் அவருடைய பேச்சு குறைந்துவிட்டது. மகள் நல்லவள், மருமகன் தங்கமானவர், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழும்பி உட்கார்ந்திருப்பார். உடம்பு பழகிய நேரம். எழும்பிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. அவர் பார்க்காவிட்டால் கெட்டுப்போகும் என்று ஒன்றுமே இல்லாமல் போனதுதான் அவருக்கு வந்த நோய். உங்களில் எத்தனையோ பேர் பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்து வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு நல்ல அறை கொடுத்திருப்பீர்கள், பெரிய தொலைக்காட்சி கொடுத்திருப்பீர்கள். "சும்மா இருங்க அப்பா, இவ்வளவு காலம் உழைச்சது போதும்" என்று அன்போடு சொல்லியிருப்பீர்கள். அந்தச் சும்மா சிலரைக் கொல்லும்.

பேரன்தான் வழி கண்டுபிடித்தான். "தாத்தா, நான் ஸ்கூலுக்குப் போறேன், பிளேன் கடலுக்கு மேல போய்க்கிட்டிருக்கு, அரை மணிக்கு ஒரு தரம் எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு எழுதி வைக்கிறீங்களா?" என்று கேட்டான். பதின்மூன்று வயதுப் பையன், கெட்டிக்காரத்தனத்தில் கேட்டானோ சோம்பேறித்தனத்தில் கேட்டானோ தெரியாது. அன்று மாலை அவன் வந்தபோது தாத்தா பதினான்கு வரி எழுதி வைத்திருந்தார். அத்தோடு, காற்று கூடியிருக்கிறது, உன் கணக்கில் ஒன்றரைத் தொன் பிழை என்றும் சொன்னார். அன்று தொடங்கியது.

நமது இலங்கைக்கும் இந்த நீண்ட வானப் பயணத்துக்கும் உள்ள ஓர் உறவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் இருந்த விமானப் பாதை அறுந்தது. அதை மீண்டும் இணைக்க 1943 ஜூலை முதல் குவான்டஸ் நிறுவனம் பேர்த் நகரத்துக்கும் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவிக்கும் இடையில் கற்றலீனா என்ற கடல் விமானங்களை ஓட்டியது. ஐந்து விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். நிற்காமல் 5,600 கிலோமீற்றருக்கு மேல், இருபத்தேழு முதல் முப்பத்து மூன்று மணித்தியாலம் வரை. ஏறியவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். அதனால் இரட்டைச் சூரியோதயப் பயணம் என்றே பெயர் வந்தது. எரிபொருள் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியில் பேசுவதில்லை. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. 1945 ஜூலையில் அந்தச் சேவை நிற்கும்வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள்.

அந்த முப்பது மணித்தியாலத்தில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? அதே கொப்பி வேலைதான். நேரம், இடம், மிச்ச எரிபொருள், காற்று. இன்று கற்றலீனா விமானத்தின் மாதிரி சிமியுலேட்டருக்கும் கிடைக்கிறது. அந்தப் பயணத்தை ஒரு முறை முழுமையாகச் செய்ய வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. இதுவரை நான் அனுமதிக்கவில்லை. அவருடைய இரத்த அழுத்தத்துக்கு இரண்டு சூரியோதயம் ஆகாது.

அப்படியானால் நான் என்ன செய்கிறேன்? விமானத்தில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழைய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, இப்போது கீழே என்ன என்று பார்த்துச் சொல்வேன். பேரன் இருந்தால் அவனுக்கு அது பாடம். கரை முடிந்ததும் அட்லஸை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுப்பேன். ஆறு மணித்தியாலம் கடல். பண்டாரவளை, அப்புத்தளை, சென்னை, ரொறன்ரோ என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைப்பேன். இந்த நூற்றாண்டு மலருக்காகச் சேர்த்த முகவரிப் பட்டியலில் எங்கள் வகுப்புப் பகுதி முழுவதும் இந்து சமுத்திரத்துக்கு மேலேதான் தயாரானது.

இனி இரண்டாவது கேள்வி. ஏன் செய்கிறார்கள்? நேரத்தைச் சுருக்கும் விசை இருந்தும் ஏன் தொடுவதில்லை?

பதுளைக்காரர்களுக்கு இதற்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன். 1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. ஏறக்குறைய நமது கல்லூரியின் வயது. பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு 290 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் பத்து மணித்தியாலப் பயணம். மெல்பேர்னுக்கும் கொழும்புக்கும் இடையே வானத்தில் போகிற அதே நேரம். தெமோதரையில் பாதை வளைந்து வந்து தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழையும்போது எல்லோரும் யன்னலுக்கு ஓடுவோம். எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை என்று ஏறி, பட்டிப்பொலையைத் தாண்டும்போது ஸ்வெட்டரைத் தேடுவோம். சுரங்கங்களை எண்ணுவோம், ஒருவர் எண்ணிக்கை மற்றவருடன் பொருந்தாது. கட்டிக்கொண்டு வந்த சோறு நானுஓயாவுக்கு முன்னமே முடிந்துவிடும். அப்படிப் போனதால்தான் கொழும்பு எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரிந்தது. கிலோமீற்றரில் தெரியவில்லை, பசியிலும் குளிரிலும் தூக்கத்திலும் தெரிந்தது.

தூரம் என்பதை மனிதன் உணர்வது நேரத்தால்தான். நேரத்தைச் சுருக்கினால் தூரமும் இல்லாமல் போகிறது. திரையில் விசையைத் தட்டிக் கொழும்புக்கு வந்தால் அது வெறும் படம். பத்தரை மணித்தியாலம் காவல் இருந்து, கொப்பியில் இருபது வரி எழுதி, கடைசியில் நீர்கொழும்பின் கரை தெரியும்போது ஊருக்கு வந்ததாகவே நெஞ்சு நம்புகிறது. அதனால் நான் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. பொழுதைப் போக்கவில்லை, பொழுதுக்குக் காவல் இருக்கிறார்.

இறங்கிய பிறகு சில வேளைகளில் சின்ன விமானம் ஒன்றை எடுத்து ஊவாப் பக்கம் வருவார். நமுனுகுலையைச் சுற்றி, பசறைப் பக்கம் திரும்பி, தான் இருந்த ஸ்டோரின் தகரக் கூரையைத் தேடுவார். கூரை இருக்கிறது. ஆனால் லயங்கள் இருக்கும் இடத்தில் கணினி தன் எண்ணத்தில் மாடி வீடுகளை எழுப்பி வைத்திருக்கிறது. சுற்றிலும் புல் தரையோடு அழகான வீடுகள்! "கம்பெனியும் கவர்ன்மெண்டும் கட்டிக் கொடுக்காத வீட்டைக் கம்பியூட்டர் கட்டிக் கொடுத்திருக்கு" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இனி இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே தாய்மார் இருக்கிறீர்கள். பிள்ளை கணினிக்கு முன்னால் பத்து மணித்தியாலம் இருப்பதை நியாயப்படுத்த நான் வரவில்லை. எங்கள் வீட்டில் மூன்று சட்டம் இருக்கிறது. ஒன்று, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது, எழும்பி நடந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டுவது உண்மை விமானத்தில் மட்டுமல்ல, நாற்காலியிலும் நடக்கும். இரண்டு, பேரனுக்குப் பரீட்சைத் தவணையில் நீண்ட பயணம் இல்லை, எந்த நாளிலும் தூக்கத்தைக் கெடுத்துப் பறப்பதில்லை. மூன்று, வீட்டில் மனிதர் கூப்பிட்டால் விமானம் நிற்க வேண்டும். வட்சிம்மில் நினைத்தபடி இடையில் நிறுத்த முடியாது. ஆகவே விருந்தாளி வந்தால் விடைபெற்று இணைப்பிலிருந்து விலகிவிடுவார். சிமியுலேட்டரில் அடங்கும் விமானம் மனிதரைவிடப் பெரியதல்ல.

விமானியாக வேண்டும் என்று கனவு காணும் மாணவிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் ஆயிரம் மணித்தியாலம் பறந்தாலும் விமானி உரிமத்துக்கான பதிவேட்டில் ஒரு நிமிடமும் ஏறாது. அதற்குக் கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும் வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி வேண்டும், பெரிய செலவும் உண்டு. ஆனால் வரைபடம் வாசிப்பது, காற்றின் கணக்கு, எரிபொருள் கணக்கு, நேர வலயம், வானொலியில் சுருக்கமாகப் பேசும் ஆங்கிலம், இவை எல்லாம் இதில் பழகும். அவசரப்படாமல் இருப்பதும் பழகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு ஞாபகமாக என்ன செய்யலாம் என்று சங்கம் யோசனை கேட்டிருக்கிறது. மண்டபத்துக்குப் பெயிண்ட், நூலகத்துக்கு அலுமாரி, எல்லாம் தேவைதான். அவற்றோடு கணினி அறைக்கு நல்ல கணினி ஒன்றும் பெரிய திரை ஒன்றும் வாங்கிக் கொடுப்போம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு வலுவான கணினியும் வேகமான இணையமும் வேண்டும். ஆனால் பிளைட்கியர் என்று இலவசமாகக் கிடைக்கும் ஒன்று இருக்கிறது, அதில் தொடங்கலாம். சனிக்கிழமை பின்னேரம், ஒரு ஆசிரியை பொறுப்பில், கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் வரை ஒரு பயணம். பதினொரு மணித்தியாலத்தை ஒரே நாளில் செய்ய முடியாது. ஆனால் விட்ட இடத்தைச் சேமித்து வைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை தொடரலாம். நான்கு சனிக்கிழமையில் லண்டன் வந்துவிடும். நேரத்தைச் சுருக்கக் கூடாது. அதுதான் என் ஒரே நிபந்தனை.

நடுவில் வரும் ஒன்றும் நடக்காத நேரத்தை யார் நிரப்புவது? நாம்தான். பாதைக்குக் கீழே நம் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். விமானம் இந்தியக் கரையோரம் போகும்போது சென்னையில் இருப்பவர் தொலைபேசியில் வந்து அரை மணித்தியாலம் தன் ஊரைப் பற்றிப் பேசட்டும். ஜேர்மனிக்கு மேலே போகும்போது அங்கே இருப்பவர். லண்டனில் இறங்கும்போது லண்டனில் இருப்பவர். வைத்தியரும் பொறியியலாளரும் மட்டும் பேசினால் போதாது. வளைகுடாவுக்கு மேலே போகும்போது அங்கே வீடுகளில் வேலை செய்யும் நம் சகோதரிகளும் பேச வேண்டும். அவர்களும் இந்தக் கல்லூரியின் பிள்ளைகள். நமது கூட்டங்களுக்கு அவர்கள் வருவதில்லை, மலரில் அவர்களுடைய படங்கள் இல்லை. அவர்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைக்குமானால் பயணத்தை வெள்ளிக்கிழமைக்கே மாற்றிக்கொள்வோம்.

இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவிகளில் சிலருடைய அம்மாமார் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். டுபாய் எங்கே என்று கேட்டால் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார்கள். ஆனால் எவ்வளவு தூரம் என்பது விரலுக்குத் தெரியாது. நாலரை மணித்தியாலம். பதுளையிலிருந்து புகையிரதம் கொழும்புக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும் தூரம். அதை ஒரு பிள்ளை முழுதாக இருந்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி எழுதி, தன் கையால் ஓட்டிக்கொண்டு போய், அந்த நகரத்தின் விளக்குகள் கீழே தெரியும்போது ஒலிபெருக்கியில் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டால், அவளுடைய மனதில் அம்மா இருக்கும் இடம் கொஞ்சம் கிட்டவாகும் என்று நான் நம்புகிறேன். இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் என்பதாவது அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். அதுவும் தெரிய வேண்டியதே.

கொப்பி வாங்கும் செலவு என்னுடையது. நூறு சீ.ஆர். கொப்பி தருகிறேன். கோடு போட்டுக் கொடுக்க என் கணவர் சம்மதித்திருக்கிறார். அவர் இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் விபரம் வேண்டியவர்கள் அவரிடம் கேட்கலாம், ஆனால் நேரம் இருந்தால் மட்டும் கேளுங்கள், அவர் சுருக்கமாகச் சொல்ல மாட்டார்.